அரை வாட் போதும்: வீட்டில் செய்து பழக ஒரு சின்ன அம்பிளிபயர்

கோயில் திருவிழாவும் கலியாண வீடும் பார்த்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அம்பிளிபயர் என்றால் வாகனத்தில் வந்து இறங்கும் பெரிய பெட்டிகள்தான். அதனால் புதிதாகச் செய்து பழக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணை, எத்தனை வாட்?" என்பதுதான். அரை வாட் என்று சொன்னதும் முகம் வாடிவிடும்.

வாடத் தேவையில்லை. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தள்ளி 85 டெசிபல் சத்தம் தரும் ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய ஸ்பீக்கர்களில் இது சாதாரணம். வாட்டைப் பாதியாக்கினால் 3 டெசிபல்தான் குறையும். ஆகவே அரை வாட்டில் 82, கால் வாட்டில் 79. இருவர் பக்கத்தில் இருந்து கதைப்பது 60 டெசிபல் அளவில்தான் வரும். அரை வாட்டில் விறாந்தையில் வைத்த பாட்டுக் குசினிவரை கேட்கும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். வாட்டைக் கூட்டுவதற்குச் செலவழிக்கும் காசையும் நேரத்தையும் நல்ல ஸ்பீக்கருக்கும் அதை வைக்கும் பெட்டிக்கும் செலவழியுங்கள். கேட்கிற வித்தியாசம் அங்கேதான் வரும்.

இங்கே சொல்வது 386 என்ற சின்ன ஐசியை, அதாவது ஒரு முழுச் சுற்றையே உள்ளே அடக்கிய எட்டுக் கால் சில்லை, வைத்துச் செய்யும் அம்பிளிபயர். உயர்தரப் பௌதிகவியல் படித்தவர்களுக்கு விரியலாக்கி என்ற சொல் தெரிந்திருக்கும், அதேதான். ஆனால் அந்தப் பாடம் படித்திருக்க வேண்டும் என்று இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடிக்கலாம். ஒரே ஒரு கட்டளை: இந்த வேலையில் 230 வோல்ற் சுவர்க் கரண்ட் வேண்டாம். ஒன்றரை வோல்ற் பற்றரி நான்கில் பழகுங்கள். பிழைவிட்டால் போவது ஒரு ஐசி மட்டும்.

வாங்க வேண்டியவை

ஐசியின் முழுப் பெயர் எல்எம் 386. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் செய்தது. 2011 இல் அந்த நிறுவனத்தை டெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் வாங்கிவிட்டது. கடையில் ஜேஆர்சி 386 என்று ஜப்பானியத் தயாரிப்பைத் தந்தாலும் வாங்கலாம், கால்கள் ஒரே ஒழுங்குதான். எல்எம் 386 இல் என்-1, என்-3, என்-4 என்று வகைகள் உண்டு. முதல் இரண்டும் 4 முதல் 12 வோல்ற் வரை ஓடும். என்-4 க்குக் குறைந்தது 5 வோல்ற் வேண்டும். எது கிடைத்தாலும் நமக்குச் சரி. இரண்டு மூன்று சேர்த்து வாங்குங்கள், பழகும்போது ஒன்று போகலாம். எட்டுக் கால் சொக்கெற் ஒன்றும் வாங்குங்கள். பிறகு சோல்டர் செய்யும்போது, அதாவது ஈயம் உருக்கி ஒட்டும்போது, ஐசியை நேரே சுடாமல் சொக்கெற்றைச் சுடலாம்.

மின்னைச் சேமித்து வைக்கும் கப்பாசிற்றர்களில் 220 மைக்ரோபரட் ஒன்று, 100 மைக்ரோபரட் ஒன்று, 10 மைக்ரோபரட் ஒன்று. எல்லாம் 16 வோல்ற் அல்லது அதற்கு மேல். கூடவே சின்னத் தட்டையான கப்பாசிற்றர் இரண்டு: ஒன்றில் 104 என்றும் மற்றதில் 473 என்றும் எழுதியிருக்கும். 104 என்றால் 0.1 மைக்ரோபரட், 473 என்றால் 0.047. மின்னோட்டத்தைத் தடுக்கும் ரெசிஸ்ரரில் 10 ஓம் ஒன்று, ஆயிரம் ஓம் இரண்டு. நான்கு கோடு உள்ள ரெசிஸ்ரரில் 10 ஓமுக்குப் பழுப்பு, கறுப்பு, கறுப்பு. ஆயிரம் ஓமுக்குப் பழுப்பு, கறுப்பு, சிவப்பு. மங்கிய வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், ஓமும் வோல்ற்றும் அளக்கும் மல்ரிமீற்றரால் அளந்துவிட்டே வையுங்கள்.

சத்தம் கூட்டிக் குறைக்க 10 ஆயிரம் ஓம் வொலியும் ஒன்று. அதில் ஏ10கே, பி10கே என்று இரண்டு வகை வரும். ஏ என்பதைக் கேட்டு வாங்குங்கள். நம் காது சத்தத்தை உணரும் விதத்துக்கு ஏற்ப அது கூடிக் குறையும். பி போட்டால் கொஞ்சம் திருப்பியதுமே முழுச் சத்தமும் வந்துவிட்டு, மிச்சத் திருப்பல் சும்மா கிடக்கும். கடைசியாக, நான்கு பற்றரி போடும் கூடு, ஒரு சுவிச், சோல்டர் இல்லாமல் செருகிப் பூட்டும் துளைப் பலகையான பிரெட்போர்ட், கொஞ்சம் வயர், 3.5 மில்லிமீற்றர் பிளக் ஒன்று.

இவற்றை யாழ் நகரத்து எலெக்ரோனிக்ஸ் கடைகளில் கேளுங்கள். இல்லாததைக் கொழும்புக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிடலாம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். ஆனால் அதற்கு முன் உங்கள் ஊர் றேடியோ திருத்தும் கடைக்குப் போங்கள். அவர்களிடம் கழற்றிய போர்டுகள் பெட்டி பெட்டியாக இருக்கும். பழைய ஆட்களிடம் அரை மணி நேரம் இருந்து பார்த்தால் இந்தக் கட்டுரையில் இல்லாத பல விஷயங்களைக் கற்கலாம்.

ஸ்பீக்கர்

புதிது வாங்காதீர்கள். பழைய றேடியோ, உடைந்த கசெற் பிளேயர், கம்பியூட்டர் ஸ்பீக்கர் எதிலாவது மூன்று அல்லது நான்கு அங்குல ஸ்பீக்கர் ஒன்று இருக்கும். பழைய படக்குழாய் ரீவியை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம். நிறுத்தி வைத்த பிறகும் அதற்குள் ஆபத்தான வோல்ற் தங்கியிருக்கும். திருத்துகிறவரிடம் கொடுத்து ஸ்பீக்கரைக் கழற்றித் தரச் சொல்லுங்கள்.

கையில் வந்ததும் மல்ரிமீற்றரால் இரண்டு முனைக்கும் இடையே ஓம் பாருங்கள். ஏழுக்குக் கிட்டக் காட்டினால் அது 8 ஓம் ஸ்பீக்கர், மூன்றரை காட்டினால் 4 ஓம். அளக்கும்போது எப்போதும் பெயரில் உள்ளதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். நமக்கு 8 ஓம் வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது. பிறகு ஒன்றரை வோல்ற் பற்றரி ஒன்றை ஒரு கணம் முனைகளில் தொட்டுப் பாருங்கள். "டொக்" என்று சத்தம் வந்து கடதாசிக் கூம்பு வெளியே தள்ளினால், பற்றரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். கூம்பை விரலால் மெல்ல அமர்த்திப் பாருங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் அந்த ஸ்பீக்கர் வேண்டாம். கூம்பில் சின்னக் கிழிசல் இருந்தால் மெல்லிய ரிசுக் கடதாசியும் பசையும் வைத்து ஒட்டினால் போதும்.

பிரெட்போர்டில் பூட்டுதல்

பிரெட்போர்டின் நடுவே ஒரு பள்ளம் ஓடும். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் வரிசைக்கு ஐந்து துளை, அந்த ஐந்தும் உள்ளே தொடுத்திருக்கும். இரு ஓரங்களிலும் நீளமாக ஓடும் வரிசைகள் பற்றரியின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும். சில நீளப் போர்டுகளில் அந்த ஓர வரிசை நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். அதைக் கவனியாமல் பாதி நாளை இழந்தவர்கள் பலர். மல்ரிமீற்றரால் பார்த்துவிடுங்கள்.

ஐசியைப் பள்ளத்தின் குறுக்கே வையுங்கள், நான்கு கால் இந்தப் பக்கம், நான்கு கால் அந்தப் பக்கம். ஐசியின் ஒரு முனையில் அரை வட்டமாக ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டு மேலே இருக்கும்படி பிடித்தால் இடப்பக்கம் மேலே முதலாம் கால். அங்கிருந்து இடப்பக்கமாக இறங்கி 2, 3, 4. பிறகு வலப்பக்கம் கீழிருந்து ஏறி 5, 6, 7, 8. வலப்பக்கமும் மேலிருந்து எண்ணிவிடுவதுதான் புதியவர்கள் விடும் முதல் பிழை.

பற்றரியை இன்னும் போடாதீர்கள். நான்காம் காலையும் இரண்டாம் காலையும் மைனஸ் வரிசைக்குக் கொண்டுபோங்கள். இந்த மைனஸ் வரிசையைத்தான் கிரவுண்ட் என்கிறோம். ஆறாம் கால் பிளஸ் வரிசைக்கு. ஆறாம் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில், முடிந்தளவு ஐசியை ஒட்டி, 100 மைக்ரோபரட் கப்பாசிற்றரையும் 104 ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெரிய கப்பாசிற்றர்களுக்குத் திசை உண்டு: உடம்பில் கோடு போட்ட பக்கம் மைனஸ், நீளக் கால் பிளஸ். மாற்றிப் போட்டால் சூடேறி வெடிக்கவும் கூடும். ஏழாம் காலில் 10 மைக்ரோபரட், அதன் மைனஸ் கிரவுண்டுக்கு. பற்றரி வழியாக வரும் இரைச்சலை அது வடிகட்டும்.

இனி ஐந்தாம் கால், சத்தம் வெளியே வரும் இடம். அங்கே 220 மைக்ரோபரட்டின் பிளஸ்ஸைச் செருகுங்கள். அதன் மைனஸிலிருந்து ஸ்பீக்கரின் பிளஸ்ஸுக்கு வயர். ஸ்பீக்கரின் மைனஸ் கிரவுண்டுக்கு. ஐந்தாம் காலில் எப்போதும் பற்றரியின் பாதி வோல்ற் நிற்கும். அது நேரே ஸ்பீக்கருக்குப் போனால் சுருள் சூடாகி எரியும். அதைத் தடுத்துப் பாட்டை மட்டும் விடுவதுதான் 220 இன் வேலை. 8 ஓம் ஸ்பீக்கரோடு சேர்ந்தால் 90 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த சத்தத்தை அது குறைத்துவிடும். 470 போட்டால் அந்த எல்லை 42 க்கு இறங்கும். சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த சத்தம் எப்படியும் வராது, 220 போதும்.

அதே ஐந்தாம் காலிலிருந்து 10 ஓம் ரெசிஸ்ரர், அதன் மறுமுனையில் 473 கப்பாசிற்றர், அதன் மறுமுனை கிரவுண்டுக்கு. இதை விட்டாலும் பாட்டுக் கேட்கும் என்று சிலர் சொல்வார்கள். விடாதீர்கள். இது இல்லாவிட்டால் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வில் ஐசி தானாகவே கத்தத் தொடங்கலாம். ஐசி சுடும், பாட்டுக் கரகரக்கும், காரணம் தெரியாமல் நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

உள்ளே வரும் பக்கம் வொலியும். அதற்கு மூன்று கால். நடுக்கால் ஐசியின் மூன்றாம் காலுக்கு. ஓரக் கால்களில் ஒன்று கிரவுண்டுக்கு, மற்றதில் போனிலிருந்து வரும் சைகை, அதாவது பாட்டைக் கொண்டுவரும் மின். வலம் திருப்பச் சத்தம் குறைந்தால் இரு ஓரங்களையும் மாற்றிவிடுங்கள். போனில் இடம், வலம் என்று இரண்டு சத்தம் வரும், நம்மிடம் ஸ்பீக்கர் ஒன்றுதான். இரண்டு வயரையும் நேரே முறுக்கி ஒன்றாக்கக் கூடாது, ஒன்றின் சைகை மற்றதோடு மோதும். ஒவ்வொன்றிலும் ஆயிரம் ஓம் ரெசிஸ்ரர் வைத்து, அந்த இரண்டு ரெசிஸ்ரர்களின் மறுமுனைகளை ஒன்றாக்கி வொலியுமுக்குக் கொடுங்கள். பிளக்கின் நுனி இடம், நடு வளையம் வலம், அடி கிரவுண்ட். மைக் உள்ள நான்கு பகுதிப் பிளக் என்றால் இன்றைய போன்களில் நுனியிலிருந்து மூன்றாவதுதான் கிரவுண்ட், அடியில் இருப்பது மைக். உங்கள் போனில் அந்தத் துளையே இல்லாவிட்டால் அதற்கான சின்ன அடப்ரர் வாங்கலாம், அல்லது பழைய போன் ஒன்றை இதற்கென்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றாம் காலும் எட்டாம் காலும் மிச்சம். அவற்றைச் சும்மா விடுங்கள். இடையில் 10 மைக்ரோபரட் போட்டால் 20 மடங்குப் பெருக்கம் 200 ஆகும். புதியவர்கள் ஆசைப்பட்டு அதைச் செய்துவிட்டு இரைச்சலோடு மல்லுக்கட்டுவார்கள். கணக்குப் பாருங்கள்: போனிலிருந்து 0.1 வோல்ற் வந்தால் 20 மடங்கில் 2 வோல்ற். இரண்டை இரண்டால் பெருக்கி எட்டால் வகுத்தால் அரை வாட். போன் அதற்கு மேலேயே தரும். 200 மடங்கு மைக்குக்குத் தேவைப்படலாம், போனுக்கு வேண்டாம்.

இன்னொரு முறை எல்லா வயரையும் விரல் வைத்துப் பாருங்கள். பற்றரியின் பிளஸ், மைனஸ் சரியா என்று பாருங்கள், மாறினால் ஐசி அந்தக் கணமே போகும். வொலியுமைக் குறைத்து வைத்துவிட்டுச் சுவிச்சைப் போடுங்கள். ஸ்பீக்கரில் மெல்லிய "டப்" கேட்கும். போனில் பாட்டைப் போட்டு மெல்லக் கூட்டுங்கள். 6 வோல்ற்றில் மூன்றில் ஒரு வாட் அளவில் வரும். ஆறு பற்றரி போட்டு 9 வோல்ற் ஆக்கினால் அரை வாட்டைத் தாண்டும்.

சத்தம் வராவிட்டால்

என் முதல் அம்பிளிபயர் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பூட்டினேன், ஐசியை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் வெயிலில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கப்பாசிற்றர் கால்கள் கறுத்திருந்தன, ஒரு வயரின் நுனியில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. பிளேட்டால் சுரண்டிவிட்டுப் பூட்டியதும் பாட்டு வந்தது. நம் குடாநாட்டில் கடல் எங்கிருந்தும் தூரமில்லை, உப்புக் காற்று லாச்சிக்குள்ளும் வரும். அன்றிலிருந்து புதிதாக வாங்கிய சாமானையும் கால் சுரண்டாமல் நான் பூட்டுவதில்லை. மிச்சச் சாமான்களை மூடி இறுக்கமான பால்மா ரின்னில், புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றோடு போட்டு வைக்கிறேன்.

தேடும்போது ஒழுங்காகத் தேடுங்கள். மல்ரிமீற்றரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து, சிவப்பை ஆறாம் காலில் தொடுங்கள். 6 வோல்ற் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குறை பற்றரி, சுவிச், ஓர வரிசை இவற்றில்தான். பிறகு ஐந்தாம் காலில் தொடுங்கள். ஏறத்தாழ 3 வோல்ற் காட்டினால் ஐசி உயிரோடிருக்கிறது, குறை உள்ளே வரும் பக்கத்திலோ ஸ்பீக்கர் பக்கத்திலோ. பூச்சியமோ முழு 6 வோல்ற்றோ காட்டினால், இரண்டாம், நான்காம் கால்கள் கிரவுண்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். நின்றால் ஐசி போய்விட்டது. இந்த ஒரு அளவு உங்கள் தேடலைப் பாதியாக்கும். அடுத்து, வொலியுமின் நடுக்காலை விரலால் தொடுங்கள். "ம்ம்ம்" என்று இரைந்தால் ஐசியிலிருந்து ஸ்பீக்கர்வரை எல்லாம் சரி, பிளக்கையும் போன் வயரையும் பாருங்கள். அந்த இரைச்சல் வீட்டு மின் வயர்களிலிருந்து உங்கள் உடம்பு பிடிக்கும் 50 ஹேர்ட்ஸ்.

"புட் புட் புட்" என்று மோட்டார்ப் படகுபோல் கேட்டால் பற்றரி களைத்துவிட்டது, அல்லது 100 மைக்ரோபரட் ஐசியிலிருந்து தூரமாக இருக்கிறது. சத்தம் கூட்டும்போது மட்டும் பாட்டு நெரிந்தால் ஐசியால் அதற்கு மேல் முடியவில்லை என்று அர்த்தம், போனில் சத்தத்தைக் குறையுங்கள். போனைச் சார்ஜில் போட்டதும் கீச்சென்று கேட்டால் அது சார்ஜரின் குறை, உங்கள் வேலையில் பிழையில்லை. பாட்டுக்கு நடுவே ஏதோ வானொலி மெல்லக் கேட்டாலும் பயப்படாதீர்கள். நீளமான வயர் ஏரியல்போல் வேலை செய்கிறது. வயரைக் குறுக்கி, கம்பி வலை சுற்றிய ஓடியோ வயரைப் போடுங்கள்.

சோல்டர் செய்தல்

பிரெட்போர்டில் இரண்டு நாள் நன்றாக ஓடிய பிறகே சோல்டர் செய்யுங்கள். துளையுள்ள செப்புப் போர்டில் அதே ஒழுங்கில் வையுங்கள். சோல்டர் செய்யும் சூட்டுக்கோலான அயனைக் காலுக்கும் செப்புக்கும் ஒன்றாக வைத்து, இரண்டும் சூடான பிறகு ஈயத்தை அந்த இடத்தில் தொட வேண்டும். அயன் நுனியில் ஈயத்தை உருக்கிக் கொண்டுவந்து பூசினால் அது ஒட்டியதுபோல் இருக்கும், ஆனால் ஒட்டியிராது. சரியான சோல்டர் மினுங்கும், கால் அடியில் சின்னக் கூம்பாக நிற்கும். உருண்டையாக நின்றால் திரும்பச் சுடுங்கள். 60/40 என்று விற்கும் சோல்டர்க் கம்பியில் நாற்பது வீதம் ஈயம்தான், வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் ஒன்றும் சாப்பிடாதீர்கள். யன்னலைத் திறந்து வையுங்கள்.

பெட்டி

நான் மிகவும் விரும்பும் பகுதி இது. முதலில் ஒரு சோதனை. ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பீக்கரைக் கையில் வெறுமையாகப் பிடித்துக் கேளுங்கள். தகரத்தில் தட்டியதுபோல் இருக்கும். இப்போது ஒரு பெரிய கார்ட்போர்ட் மட்டையில் ஸ்பீக்கர் அளவுக்குத் துளை வெட்டி அதில் முகத்தை வைத்துப் பிடியுங்கள். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் திடீரென்று எழும்பி வரும். வாட் அதேதான். கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. தாழ்ந்த சத்தத்தில் முன்னும் பின்னும் ஓரத்தால் சுற்றி வந்து ஒன்றை ஒன்று அழித்துவிடும். மட்டை அதைத் தடுக்கிறது. பெட்டி முழுவதாகத் தடுக்கிறது.

நான் செய்து பார்த்ததில் பிஸ்கற் ரின் எளிது, ஆனால் தகரம் அதிரும். உள்ளே தடித்த துணி ஒட்டினால் அடங்கும். பனையோலைப் பெட்டி பார்க்க வடிவு, சத்தத்துக்கு உதவாது. ஓலை இடுக்குகளால் காற்றுப் போய்வரும், ஓலையும் சலசலக்கும். ஒட்டுப்பலகைப் பெட்டி நல்லது. அரை அங்குலத் தடிப்பில், மூலைகளுக்குப் பசை போட்டு இறுக்கினால் அதிராது. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது மண் முட்டி. வாய் மூன்றரை அங்குலம் அளவில் உள்ள முட்டி ஒன்றை எடுத்து, நான்கு அங்குல ஸ்பீக்கரை வாயில் கவிழ்த்து, இடையில் பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய வளையம் வைத்து ஒட்டிப் பாருங்கள். சுட்ட மண் வளைந்து கொடுக்காது, உருண்டையான உடம்பில் தட்டையான பக்கம் என்று ஒன்றுமில்லை, அதனால் முட்டி தானாகச் சத்தம் போடாது. உள்ளே கொஞ்சம் இலவம்பஞ்சு போடுங்கள், குடத்துக்குள் கதைப்பதுபோன்ற முழக்கம் போகும். பஞ்சைத் திணிக்காதீர்கள். வயர் வெளியே வரும் துளையை முட்டியின் அடியில் மெல்லிய துளைப்பானால், தண்ணீர் தெளித்துத் தெளித்துப் போடுங்கள், விரைந்தால் முட்டி வெடிக்கும். பிறகு துளையை மெழுகால் அடைத்துவிடுங்கள்.

பற்றரியும் டைனமோவும்

386 பாட்டில்லாமல் சும்மா இருக்கும்போதும் 4 மில்லி அம்பியர் குடிக்கும். நிறுத்த மறந்தால் 2000 மில்லி அம்பியர் மணி உள்ள நல்ல பற்றரியும் மூன்று கிழமைக்குள் முடிந்துவிடும். அதற்குத்தான் சுவிச். சின்னச் சதுர 9 வோல்ற் பற்றரி வேண்டாம், இந்த வேலைக்கு அது மூச்சு வாங்கும்.

என் வயதுக்காரருக்கு இந்தப் பேச்சு வேறொரு காலத்தை நினைவூட்டும். 1990 இல் குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றது. பற்றரியும் கொண்டுவரத் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து இழுத்த வயரில் றேடியோ பாடியது. செய்தி முடியும்வரை கை மாறி மாறிச் சுற்றினோம். எலெக்ரோனிக்ஸ் என்ற சொல் தெரியாத காலத்திலேயே நான் கற்ற முதல் எலெக்ரோனிக்ஸ் அதுதான். இன்றைக்கும் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு வழி இது.

போத்தல் டைனமோ 6 வோல்ற், 3 வாட். ஆனால் அதிலிருந்து வருவது திசை மாறி மாறி ஓடும் மின், ஐசிக்கு நேரே கொடுக்கக் கூடாது. மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோட் நான்கை ஒரு பாலமாகக் கட்டி, பிறகு 2200 மைக்ரோபரட் 35 வோல்ற் கப்பாசிற்றர், பிறகு வோல்ற்றை ஒரே அளவில் நிறுத்தும் 7805 ரெகுலேற்றர். அதிலிருந்து வரும் 5 வோல்ற் 386 க்குப் போதும். சைக்கிளின் முன் லைற் பல்பைக் கழற்றாமல் டைனமோவிலேயே விடுங்கள். பாரம் இல்லாமல் வேகமாகச் சுற்றினால் வோல்ற் பல மடங்கு ஏறும், பல்பு அதைப் பிடித்து வைக்கும். இன்னொன்று, டைனமோவின் ஒரு முனை சைக்கிள் சட்டம்தான். உங்கள் அம்பிளிபயரின் கிரவுண்ட் அந்தச் சட்டத்தில் தொடக்கூடாது, தொட்டால் ஒரு டயோட் குறுக்காகிவிடும்.

இன்னும் கொஞ்சம் சத்தம் வேண்டுமென்றால்

பிஏஎம் 8403 என்ற சின்னப் போர்ட் சோல்டர் செய்தே விற்பனைக்கு வரும். 5 வோல்ற்றில் 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டுக்கு உச்சத்தில் 3 வாட் வீதம் தரும். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஸ்பீக்கரின் மைனஸைக் கிரவுண்டில் தொடக்கூடாது, இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் ஒன்றாக்கவும் கூடாது. அடுத்தது, 5.5 வோல்ற்றைத் தாண்டக் கூடாது. புதுப் பற்றரி நான்கு சேர்ந்தால் 6 வோல்ற்றுக்கு மேல், போர்ட் போய்விடும். சார்ஜ் செய்யும் பற்றரி நான்கு என்றால் ஒவ்வொன்றும் 1.2 வோல்ற், அது சரியான அளவு. முதலில் 386 ஐச் செய்துவிட்டே இதற்கு வாருங்கள். இங்கே கற்க ஒன்றுமில்லை, பூட்டினால் பாடும்.

போன் இல்லாமல் பாட

என் அம்மம்மாவுக்குக் காலையில் தேவாரம் கேட்க வேண்டும், போன் பிடிக்கத் தெரியாது. அவருக்குச் செய்ததைச் சொல்கிறேன். டிஎப் பிளேயர் மினி என்று தபால் முத்திரை அளவில் ஒரு போர்ட் கிடைக்கும். அதில் மெமரி கார்ட் போட்டால் எம்பி3 பாடும். 32 ஜிபி வரை, எப்ஏரி32 முறையில் ஃபோர்மற் செய்த கார்ட். புரோகிராம் ஒன்றும் எழுதத் தேவையில்லை. ஐஓ2 என்ற காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் ஒரு அழுத்து பொத்தானை வைத்தால், தொட்டு விட்டால் அடுத்த பாட்டு, அழுத்திப் பிடித்தால் சத்தம் கூடும். ஐஓ1 இல் இன்னொன்று, முந்திய பாட்டும் சத்தம் குறைப்பும். ஸ்பீக்கரை நேரே அதன் எஸ்பிகே1, எஸ்பிகே2 கால்களில் கொடுக்கலாம், 386 தேவையில்லை. உங்கள் 386 வழியாகவே கேட்க விரும்பினால் டிஏசி என்று தொடங்கும் இரண்டு காலிலிருந்தும் 1 மைக்ரோபரட் வைத்து, முன்போலவே ஆயிரம் ஓம் வழியாக எடுங்கள். கிரவுண்டையும் சேர்க்க மறவாதீர்கள். போர்டுக்கு 5 வோல்ற்றுக்கு மேல் கொடுக்கக் கூடாது.

பாட்டுகள் பெயர் ஒழுங்கில் வராது, கார்டில் கொப்பி செய்த ஒழுங்கில்தான் வரும். ஆகவே கார்டை வெறுமையாக்கி, வேண்டிய வரிசையில் ஒவ்வொன்றாகக் கொப்பி செய்யுங்கள். அம்மம்மாவுக்கு முதலில் தோடுடைய செவியன் வர வேண்டும், அதை முதலில் போட்டேன். கண் மங்கல் என்பதால் "அடுத்தது" பொத்தானின் மேல் பாதிப் புளியங்கொட்டை ஒன்றை ஒட்டியிருக்கிறேன், விளக்குப் போடாமலே விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுகிறார்.